பச்சை டிக்கை நம்ப வேண்டாம்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பருவம் முழுக்க ஒரு ப்ளூடூத் பி.எச். மீட்டர் புழங்குகிறது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், துல்லியம் எத்தனை தசமம் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. 4, 7, 10 தாங்கல் கரைசல்களில் காலையில் சரிபார்த்து வைத்தால் மாலைவரை பெரிதாக விலகுவதில்லை. பியூரெட் முனைக்குக் கீழே மாட்டுகிற துளி எண்ணியும் கூடவே வருகிறது. சொட்டு விழ விழ, போன் திரையில் தரம்பார்த்தல் வளைகோடு தானாக எழும்பும்.

அந்தக் காட்சிக்காகவே வாங்கலாம். 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மில்லி. பியூரெட்டில் அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு. 2.9க்குப் பக்கத்தில் தொடங்கும் கோடு கொஞ்சம் ஏறி, பிறகு சோம்பல் முறித்துக்கொண்டு நகர்கிறது. 12.5 மில்லியில் 4.7ஐ ஒட்டி வருகிறது. பாதி அமிலம் நடுநிலையாகும்போது பி.எச்.சும் பி.கே.ஏ.வும் ஒன்று என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் திரையில் பார்த்த அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இவ்வளவு நன்றாக வரைந்து தரும் ஆப், கீழே ஒரு பட்டனை வைத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறது. ‘எந்த நிறங்காட்டி?’ என்பது அதன் பெயர். தட்டினால் ஒரு பெயரும் பச்சை டிக்கும் வரும். மற்ற நிறங்காட்டிகளுக்கெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. அது செய்வது இவ்வளவுதான்: சமான புள்ளியின் பி.எச்.சைப் பார்க்கிறது, அதற்கு மிக அருகில் நிறம் மாறும் பொருளைச் சொல்கிறது. அந்த இடத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்று பார்ப்பதே இல்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் சமான புள்ளி 7. உடனே புரோமோதைமால் நீலத்துக்கு டிக், பினாப்தலீனுக்குப் பெருக்கல். அதே 0.1 மோலார், 25 மில்லி கணக்கில் 24.95 மில்லியில் பி.எச். 4, 25.05 மில்லியில் 10. நடுவே இருப்பது இரண்டே சொட்டு. 4.4 முதல் 6.2 வரை மாறும் மெத்தில் சிவப்பும், 8.2க்கு மேல் சிவக்கத் தொடங்கும் பினாப்தலீனும் அந்த இரண்டு சொட்டுக்குள்தான் வந்து விழுகின்றன. எதை ஊற்றினாலும் விடை ஒன்றுதான். காலங்காலமாக எல்லா ஆய்வகங்களிலும் ஓடும் பினாப்தலீனை இந்த ஆப் தப்பு என்கிறது!

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், புரோமோதைமால் நீலமும் சரியான விடைதானே. ஒரு மாணவி அசிட்டிக் அமிலத்தை அம்மோனியாவால் தரம்பார்த்துவிட்டு போனை நீட்டினாள். “சார், டிக் போட்டுருக்கு. ஆனா கலரு எங்க நிக்குதுன்னே தெரியல சார்.” திரையில் மறுபடியும் புரோமோதைமால் நீலம். சமான புள்ளி இங்கேயும் 7தான். ஆனால் இரண்டும் வலுக்குறைந்தவை என்பதால் கோட்டில் பாய்ச்சலே கிடையாது, சரிவுதான். 6இலிருந்து 7.6க்குப் போக ஏறக்குறைய 2 மில்லி பிடிக்கும். அதாவது நாற்பது சொட்டு. மஞ்சள், இளம்பச்சை, பச்சை, நீலப்பச்சை என்று ஆளுக்கு ஓர் இடத்தில் குழாயை மூடுவார்கள். இதற்கு எந்த நிறங்காட்டியும் உதவாது என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்ல அந்த ஆப்பில் வழியே வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1934இல் கலிஃபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் பி.எச். மீட்டரை உருவாக்கியதே எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்கத்தான். சாற்றில் கலந்திருந்த சல்ஃபர் டைஆக்சைடு லிட்மஸை வெளுக்கச் செய்ததால் நிறத்தை நம்ப முடியவில்லை. நிறம் கைவிட்ட இடத்தில் பிறந்த கருவி, இப்போது நிறத்துக்கு சர்டிஃபிகேட் கொடுக்கக் கிளம்பியிருக்கிறது.

கையேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் எலக்ட்ரோடைச் ‘சுத்தமான நீரில்’ போட்டு வைக்கச் சொல்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறும் கண்ணாடி எலக்ட்ரோடு சீக்கிரமே மந்தமாகிவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். ஒரு சின்ன பாட்டிலில் அதைப் பெட்டியோடு கொடுத்திருந்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

இத்தனைக்குப் பிறகும் வாங்குங்கள் என்றே சொல்வேன், வளைகோட்டுக்காக. பட்டனைச் சரிசெய்வதும் பெரிய வேலையில்லை. துளி எண்ணிதான் கையிலேயே இருக்கிறதே. நிறம் மாறத் தொடங்கி முடிய எத்தனை சொட்டு ஆகும் என்று காட்டினால் போதும். ஒன்றிரண்டு என்றால் பச்சை, நாற்பது என்றால் சிவப்பு. கம்பெனிக்கு இதை விளக்கமாக எழுதினேன். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. கூடவே, ஆப்புக்கு ஐந்து நட்சத்திரம் தரும்படி ஒரு வேண்டுகோளும்.