ரெண்டு கிலோ கூட இல்லீங்க!

பெட்டியிலிருந்து எடுத்ததும், இன்னும் ஏதோ பாகம் உள்ளேயே கிடக்கிறது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக! முழு வில்லும் அவ்வளவுதான், ரெண்டு கிலோ கூட இல்லை. அலுமினிய வில் வாங்கத்தான் சித்தூரிலிருந்து சென்னைக்குப் போனேன். இந்தக் கருப்புக் கார்பன் காம்பவுண்ட் வில்லைத் தொட்டதும் போட்டு வைத்த கணக்கெல்லாம் காற்றோடு போச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் மேலே வைக்க மனசு வராமல் வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

அமெரிக்காவில் இதை மான் வேட்டைக்கென்றே செய்கிறார்கள். வில்லைச் சுமந்து நாள் முழுக்க மலையேற வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் குறைந்த எடை. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தலக்கோனா காட்டு மான்கள் நிம்மதியாக மேயட்டும், எனக்குக் குறிபார்த்து அடிக்க ஃபோம் பன்றி பொம்மையே போதும்!

சரி, அந்த முதல் இழுப்புக்கு வாருங்கள். நினைத்துப் பாருங்கள்: மார்கழி விடியல், பங்காருபாளையம் பக்கம் எங்கள் மாமாவின் மாந்தோப்பு, இலை நுனியெல்லாம் பனி சொட்டுகிறது, அலுமினியமாக இருந்தால் உள்ளங்கையில் சுரீரென்று குளிர் ஏறியிருக்கும், கார்பனோ மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இதமாக உட்கார்ந்திருக்கிறது, நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸை நாணில் மாட்டுகிறேன், இழுக்கிறேன், 50 பவுண்ட், தோள்பட்டை திமிறுகிறது, இன்னும் இழுக்கிறேன், வில் முனைகளிலிருக்கும் கேம் சக்கரம் ரெண்டும் உருண்டு திரும்பி, அடடா, அந்தக் கனம் எங்கேதான் போச்சு! நூற்றுக்கு எண்பது பங்கு கழிந்து கையில் நிற்பது வெறும் 10 பவுண்ட், நாலரைக் கிலோ, மூச்சைப் பிடித்து நிதானமாகக் குறி பார்க்கலாம், நாணிலிருக்கும் குட்டி வளையத்துக்குள் பச்சைப் புள்ளி வந்து நிற்கிறது, விரல் லேசாக அசைகிறது, 'டப்'! முப்பது மீட்டர் தள்ளி ஃபோம் பன்றியின் விலாவில் அம்பு நிற்கிறது! நான் போட்ட கூச்சலில் மரத்துக் கிளியெல்லாம் பறந்துபோச்சு, ஓடிப்போய் அந்த அம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கண்ணில் தண்ணி.

இவ்வளவு லேசான வில் காற்றடித்தால் கொஞ்சம் ஆடும், உண்மைதான். முன்னால் ஒரு ஸ்டெபிலைசரைத் திருகிவிட்டால் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். எடையில் மயங்கி இழுப்பு நீளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்! ரெண்டு கையையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, இரண்டரையால் வகுங்கள். எனக்கு 70 அங்குலம், அதனால் 28. பிறகு கடையில் இழுத்துப் பார்த்துச் சரி செய்யலாம். அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள், வில்லே உடைந்துபோகும்.

நம் விஜயவாடாப் பெண் ஜோதி சுரேகா இருக்காங்களே, 2023 ஹாங்ஷோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் இதே காம்பவுண்ட் ரகத்தில், 50 மீட்டரில், 15 அம்புக்கு 149 புள்ளி! அந்த ஒரே போட்டித் தொடரில் மூன்று தங்கம்! 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்குக்கே காம்பவுண்ட் வருகிறது. கண்ணப்பர் வில்லோடு திரிந்த காளஹஸ்தி இங்கிருந்து எட்டும் தூரம்தான், இந்த மண்ணில் வில் பிடிக்கிறோம் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

மாமா பையன் நேற்று இழுத்துப் பார்த்தான். கேம் உருண்டு கனம் விட்ட நொடியில் அவன் கண் விரிந்ததைப் பார்க்கணுமே! "அண்ணே, இன்னும் ஒரே ஒரு அம்பு" என்று இருட்டுகிற வரைக்கும் விடவில்லை, டார்ச் அடித்துத்தான் அம்புகளைப் பொறுக்கினோம்.