வெல்சு காட்டும் துரைசாமி

சிவகங்கைச் சின்ன மருது 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் மகன் துரைசாமி, 1802 பிப்ரவரியில், எழுபதுக்கு மேற்பட்டோருடன் தூத்துக்குடியினின்று பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டான். அப்பொழுது அவனுக்கு அகவை ஏறத்தாழ 15. அச்சிறுவனை நமக்குக் காட்டுவது, 1830-இல் இலண்டனில் வெளிவந்த கர்னல் வெல்சின் இராணுவ நினைவுக் குறிப்பு.

இந்நூலை ஆங்கிலேயர் ஒருவரின் இரக்கத்திற்குச் சான்றாகப் போற்றுவர். அவ்விரக்கம் பொய்யன்று. தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்த சின்ன மருதுவை வெல்சு அன்போடு நினைக்கிறார். தம் காவலிலிருந்த மகனின் விலங்கைத் தளர்த்தியதையும் கூறுகிறார். எனினும், நூலமைதியை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். துரைசாமி ஈண்டு இருமுறையே தோன்றுகிறான்: தூத்துக்குடியில் சிறுவனாக, 1818-இல் பினாங்கில் தளர்ந்த கிழவனாக. பெயரைக் கேட்ட பின்னரே வெல்சு அவனை அடையாளம் காண்கிறார். அன்றும் அவன் அகவை முப்பதைச் சற்றே கடந்திருக்கும். இடைப்பட்ட 16 ஆண்டுகளின் கொடுமையை ஆசிரியர் விரித்துரைத்திலர். அவ்வுடலே அதனை உரைக்கின்றது. இச்சுருக்கமே அப்பகுதியின் ஆற்றல். அதன் குறையும் அதுவே.

உறவினர்க்கு மடலொன்று கொண்டு செல்லுமாறு துரைசாமி வேண்டினான். கடமை தடுத்தது என மறுத்தார் வெல்சு. இரக்கத்தின் எல்லை இங்கே தெரிகிறது. நாடு கடத்தப்பட்டவனே தன் வாழ்வைத் தமிழில் உரைத்திருக்கக்கூடிய வாய்ப்பு அம்மறுப்போடு நின்றது. ஆதலின், இப்பகுதியைத் துரைசாமியின் வரலாறாகக் கொள்ளாது, காவல் பூண்டவர் நினைவில் எஞ்சிய நிழலாகவே கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு.