வெள்ளை பூசிய சுவர்

சீர்திருத்தக் கிறிஸ்தவம் அழகின் பகை என்போர் சூரிச் நகரைச் சான்று காட்டுவர். 1524-இல் ஸ்விங்லியின் போதனைக்கிணங்க அந்நகரத் தேவாலயங்களின் உருவங்கள் அகற்றப்பட்டன. சுவர்களுக்கு வெள்ளை பூசப்பட்டது. ஸ்விங்லியோ பல இசைக்கருவிகளில் தேர்ந்தவர்! அழகின் வலிமையை அறிந்தவரே அதற்கு அஞ்சினார் என்பது என் துணிபு.

ரோமாபுரி மட்டும் அஞ்சவில்லையா? மைக்கலாஞ்சலோ 1541-இல் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தின் நிர்வாண உருவங்களுக்கு, அவர் மறைந்த மறு ஆண்டே, 1565-இல், அவருடைய நண்பர் டேனியலே ட வொல்தெர்ராவைக் கொண்டே ஆடை தீட்டுவித்தனர். மறுமலர்ச்சி கலைஞனுக்கு ஈந்த உரிமையைத் திருச்சபை மீட்டுக்கொண்டது.

வேதமே அதிகாரம் என்று முழங்கிய சூரிச்சில், வேதத்திற்குப் பொருள் சொல்லும் உரிமை நகர மன்றத்தாருக்குக் கைமாறிற்றேயன்றி, ஓதுவோன் கைக்கு வந்து சேரவில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தனர்.