குதிரையின் காது

செக்காவின் 1886ஆம் வருஷத்துக் கதை ஒன்று ஆங்கிலத்தில் 'மிஸரி' என்ற பெயரில் கிடைக்கிறது. மகனைப் பறிகொடுத்த வண்டிக்கார அயோனா, சொல்ல ஆள் கிடைக்காமல் கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறான். மனிதர்களின் கல்நெஞ்சைச் சாடுகிற கதை என்று இதை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. வண்டியில் ஏறுகிற ராணுவ அதிகாரி எதனால் செத்தான் என்று கேட்கத்தான் செய்கிறான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். எல்லாரும் சாகிறவர்கள்தாம் என்று தத்துவம் பேசிவிடுகிறான் கூனன். கொடுமை இல்லை இது, அவசரம். அயோனாவுக்கு வேண்டியது ஆறுதல் வார்த்தை அல்ல. எப்படிக் காய்ச்சல் கண்டது, சாகுமுன் என்ன சொன்னான், ஆஸ்பத்திரியிலிருந்து துணிமணியை வாங்கி வந்தது — ஒன்று விடாமல், வரிசையாகச் சொல்ல வேண்டும்.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தெரியும். புருஷனின் கணக்கை முடிக்க வந்த அம்மாள், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டதிலிருந்து ஆரம்பித்தாள். கேட்டேன்தான். கேட்டுக்கொண்டே, மரணச் சான்றிதழ் எங்கே என்றேன்.

அதே 1886இல் வந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்'சில், சாகிறவனின் கால்களைத் தோளில் தாங்கி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் வேலைக்கார ஜெராசிம். சாவை மறைத்துப் பொய் சொல்வதும் இல்லை. இவ்வளவு பூரணமாக இருப்பதனாலேயே அவனை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. குதிரையை நம்புகிறேன். ஓட்ஸ் வாங்கக் காணாத அன்றைய வருமானத்தில் கிடைத்த காய்ந்த புல்லை மென்றுகொண்டு, அவன் கைமேல் மூச்சு விட்டபடி கேட்கிறது.