புறப்பாடல்களில் உளம் விடுதல்

பொருகளத்தில் வென்றாரைப் பாடிய பாட்டுகள் தமிழிற் பல. வீழ்ந்தாரைப் பாடியவையும் பல. ஆயின், உடல்வலி முற்றும் குன்றாதிருக்கவும், ‘இனி அடி பொறுக்க மாட்டேன்’ என உள்ளம் தளர்ந்து நின்ற வீரன் ஒருவனை நம் இலக்கியம் எங்ஙனம் நோக்கிற்று என்பது தனித்து ஆராயத்தக்கதொரு வினாவாகும். புறநானூற்றைப் பயிற்றுவிக்குங்கால், ‘அத்தகையோனைப் பண்டைத் தமிழர் இகழ்ந்து ஒதுக்கினர்’ என்னும் ஒரே தொடரால் இவ்வினாவை முடித்து விடுகின்றோம். மாணவரும் அதனையே தேர்வில் எழுதுகின்றனர். அம்முடிபு பாட்டுகளுக்கு முற்றும் பொருந்துவதன்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல் வழக்கு

தோல்வியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை முதற்கண் நோக்குதல் வேண்டும். இரிதல், சாய்தல், ஒல்குதல், புறங்கொடுத்தல் என்பன யாவும் உடலின் அசைவைக் காட்டுவன. ஓடினான், வளைந்தான், முதுகு காட்டினான் என்று கண்ணால் கண்டதை அவை கூறுமேயன்றி, அவன் நெஞ்சினுள் நிகழ்ந்ததைக் கூறா. உடைதல் என்னும் சொல் ஒன்றே படைக்கும் உள்ளத்திற்கும் பொதுவாய் நிற்கின்றது. உலக வழக்கிலோ இந்நிலைக்கு நேரிய சொல் உண்டு. இளையரசனேந்தல் முதலிய கரிசல் நிலத்து ஊர்களிற் பேசுவோர், ‘அவனுக்கு மனசு விட்டுப் போச்சு’ என்பர். கை விடவில்லை, கால் விடவில்லை, மனம் விட்டது என்பது அதன் கருத்து. செய்யுள் வழக்குக் கூறாது விட்டதனை உலக வழக்குக் கூறிவிட்டது.

வீரத்தைக் குறிக்கும் ‘தறுகண்’ என்னும் சொல்லும் ஈண்டு எண்ணத்தக்கது. அஞ்சாமையைக் குறிக்க வந்த சொல்லில் கண் என்னும் உறுப்பு அமைந்து கிடக்கின்றது. பகைவன் வேலெறியக் கண்ணிமைத்தலும் தோல்வியே எனப் படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இக்கருத்துப் பற்றியே. உள்ளம் தளர்ந்ததைக் கண் முதலிற் காட்டிக் கொடுக்கும் என்பது தமிழர் துணிபு. இது பின்னரும் நமக்குப் பயன்படும்.

2. ஆமூர் மல்லன்

தமிழில் மற்போரை நேர்நின்று காட்டும் பாட்டுகளுள் புறநானூற்று 80ஆம் பாட்டுத் தலைசிறந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடினார். ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றி நிற்க, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து நிற்கின்றது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போல அவன் தலையும் காலும் ஒருங்கே முறிய மோதினான் கிள்ளி. அவ்வெற்றியைத் தந்தையாகிய தித்தன் காண வேண்டும் என்று புலவர் விழைகின்றார்.

இங்குத் தோற்றவன் நிலை யாது? புலவர் அவனை வலியற்றவன் என்னவில்லை. மிக்க வலியுடையவன் என்றே கூறுகின்றார். உவமையும் அதற்கேற்ப அமைந்தது. மூங்கில் தானே சாய்வதில்லை. யானை முறிக்க முறிகின்றது. எனவே, மல்லன் மனம் விட்டான் என்பதற்குப் பாட்டில் இடமில்லை. மார்பின் மேல் ஒரு கால் இருக்கும் அந்நிலையிலும் அவன் ஏதோ முயல்கின்றான். முயன்றதனால் அன்றோ மற்றைக் கால் தடுக்க வேண்டியதாயிற்று? இந்நுணுக்கம் உணரப்படாவிடின், வென்றவன் பெருமையும் பாதியாகக் குறைந்துவிடும்.

இம்மன்னனை விரும்பிப் பாடிய நக்கண்ணையார் 85ஆம் பாட்டில் வேறொரு செய்தி தருகின்றார். கிள்ளிக்கு அவ்வூர் தன் ஊரன்று. அந்நாடும் தன் நாடன்று. ஆதலின் களத்தைச் சூழ்ந்தோருள் ஒரு சாரார் வெற்றி அவனது என்றனர். ஒரு சாரார் அன்று என்றனர். நக்கண்ணையார் சிலம்பொலிக்க ஓடிவந்து, பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வெற்றியைத் தம் கண்ணாற் கண்டார். கூட்டத்தின் தீர்ப்பு அவரவர் ஊர்ப்பற்றின் வழியது என்பதையும், கண்டார் கூற்றே கொள்ளத்தக்கது என்பதையும் இப்பாட்டுக் குறிப்பாற் புலப்படுத்துகின்றது.

3. கேட்டதும் கண்டதும்

இக்குறிப்பை உளங்கொண்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டுக்கு வருவோம். மகன் படையழிந்து புறங்கொடுத்தான் என்று பலர் கூறக் கேட்ட முதியவள், அஃது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுப்பேன் எனச் சினந்து, வாளொடு களம் புகுகின்றாள். பிணங்களைப் பெயர்த்துத் தேடுகின்றாள். சிதைந்து வேறாகிய மகன் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதுவக்கின்றாள்.

இப்பாட்டை மறக்குடி மகளிரின் கடுமைக்குச் சான்றாகக் காட்டுதல் மரபாகிவிட்டது. அதன் நடுவே கிடப்பதோ வதந்தியின் பொய்ம்மை. பலர் கூறியது பொய்யாயிற்று. அவள் தன் கையாற் புரட்டிக் கண்டது மெய்யாயிற்று. தோற்றவனை இகழும் வேட்கை பலரிடத்தும் உண்டென்பதையும், அவ்விகழ்ச்சி ஆராயாது எழுவதென்பதையும் புலவர் நன்கறிவார். வெண்ணிப் போரிற் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்த செய்தியும் ஈண்டு ஒப்புநோக்கற்குரியது. கரிகாலன் எறிந்த படை முன்புறத்தைக் குறித்ததே. ஆயினும் புண் புறத்திலும் ஆயிற்று. அதற்கே அவன் நாணினான். அவனை இகழ்ந்தவர் எவருமிலர்; கழாத்தலையார் அவனுக்காக இரங்கியே பாடினார்.

4. உள்ளே நோக்கிய கம்பர்

சங்கப் புலவர் புறத்தே நின்று கண்டதைக் கம்பர் உள்ளே புகுந்து கண்டார். முதனாட் போரிற் படைக்கலம் அனைத்தும் இழந்து நின்ற இராவணனை, இன்று சென்று மறுநாள் வருமாறு இராமன் விடுக்கின்றான். அதனையடுத்த கும்பகருணன் வதைப் படலத்தின் தொடக்கத்தில், திசையானைகளொடு பொருத மார்பு முதலாக அவன் பெருமைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றொடு வீரத்தையும் களத்திலேயே போட்டு வெறுங்கையனாய் நகர் புகுந்தான் என்கின்றார். மார்பும் தோளும் அவனோடுதான் வந்தன. வாராதது யாதென்பதைக் கற்போர் உணர்வர். அவன் திசைகளை நோக்கவில்லை, நகரை நோக்கவில்லை, மக்களையும் சேனையையும் நோக்கவில்லை. நிலத்தையே நோக்கிச் சென்றான். தறுகண் என்னும் சொல்லிற் கண்ட கண் இங்கே கவிழ்ந்தது காண்க. தேவர் நகுவர் என்பதற்கன்றிச் சானகி நகுவாள் என்பதற்கே அவன் நாணுகின்றான். எனினும் கம்பர் அவனை எள்ளவில்லை. அவன் மீண்டும் களம் புகுந்து, மார்பு துளைபட வீழ்ந்ததையும் அவரே பாடுகின்றார்.

இதற்கு மாறாகக் கலிங்கத்துப்பரணியில் எள்ளல் உண்டென்பர் சிலர். தோற்ற கலிங்கர் பூணூல் அணிந்தவராயும், சமணராயும், பாணராயும் கோலம் மாற்றிப் பிழைத்ததைச் சயங்கொண்டார் நகை தோன்றப் பாடியது உண்மையே. ஆயின், அங்குக் கதை கூறுவது பேய். நூலின் நோக்கம் முதற்குலோத்துங்கனையும் கருணாகரத் தொண்டைமானையும் சிறப்பித்தல். நகையும் அஞ்சியமை பற்றியதன்று. அஞ்சியதை மறைத்த வேடம் பற்றியது.

5. தழிஞ்சி

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை தழிஞ்சித் துறையாகும். தோற்று ஓடுவார் முதுகின்மேல் வாளோச்சாமையையே தழிஞ்சி என்கின்றது புறப்பொருள் வெண்பாமாலை; அவ்வாறு ஓச்சாமையை மிக்க தறுகண்மை என்றும் கூறுகின்றது. தொல்காப்பியத்துள் இத்துறைக்குப் புண்பட்டோரைத் தழுவிக்கோடல் என்னும் பொருளும் உரைக்கப்படும். நெடுநல்வாடையில் நள்ளிரவிற் பாசறையிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் வேந்தன் இதற்கு இலக்கியம். முல்லைப்பாட்டில் நப்பூதனார், அம்பு தைத்த குதிரைகள் செவி சாய்த்துப் புல்லுண்ணாது நிற்பதை எண்ணி உறக்கமின்றி இருக்கும் அரசனைக் காட்டுகின்றார். அடி தாங்கித் தாங்கி உள்ளம் விட்டுப்போன உயிரின் நிலையை இதனினும் தெளிவாகத் தமிழிற் காண்டல் அரிது. தறுகண்மையைப் பேராண்மை என்ற வள்ளுவர், பகைவர்க்கு ஓர் இடுக்கண் வந்தவழி உதவுதலை அதன் கூர்மை என்றதும் இம்மரபினதே. வாளுக்குக் கூர்மை எத்துணை இன்றியமையாததோ, வீரத்துக்கு இரக்கமும் அத்துணை இன்றியமையாதது.

இம்மரபு பழமையோடு ஒழிந்ததன்று. 1980 நவம்பர் 25ஆம் நாள் நியூ ஆர்லியன்சில், குத்துச்சண்டை வீரர் ரொபர்ட்டோ டுரான் எட்டாம் சுற்றில் சுகர் ரே லியோனார்டுக்கு முதுகைத் திருப்பிக் கையசைத்து விலகினார். அதே ஆண்டு சூனில் மான்ட்ரியலில் லியோனார்டை வென்றவர் அவரே. வயிற்று வலி என்றார் அவர். மனம் விட்டது என்றனர் பலர். கூட்டத்தின் தீர்ப்பு நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தது. ஆயினும் 1983, 1989 ஆகிய ஆண்டுகளில் அவர் மீண்டும் உலக வெற்றிப் பட்டம் பெற்றார். 1975 அக்டோபர் முதல் நாள் மணிலாவில் முகமது அலியொடு பொருத ஜோ பிரேசியரோ, கண் வீங்கிப் பார்வை மங்கியும் மனம் விட்டாரல்லர். பதினான்காம் சுற்றின் முடிவில் அவர் மறுக்கவும் போரை நிறுத்தியவர் பயிற்றுநர் எடி பட்ச். இஃது இக்காலத்துத் தழிஞ்சி எனில் மிகையாகாது. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பொருளாகக் கொண்டு 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படமும், குடியால் உடலும் உள்ளமும் தளர்ந்த வீரன் மீண்டெழுதலையே கதையின் பிற்பகுதியாக அமைத்துக்கொண்டது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். புறப்பாடல்கள் உளம் விட்டவனை இகழும் குரலை ஊரார் வாய்மொழியாகவே வைக்கின்றன; அவ்வாய்மொழியைக் கண்கூடான காட்சியால் ஆராய்கின்றன. தோற்றவனது வலியைக் குறைத்துக் கூறுதல் புலவர் நெறியன்று. புறங்கொடுத்தவனை விடுதலும் புண்பட்டவனைத் தழுவலும் வீரத்தின் புறம்பானவை அல்ல; துறையாக வகுக்கப்பட்ட வீரத்தின் கூறுகளே. ஆதலின், 278ஆம் பாட்டைத் தனியே எடுத்து வீரத்துக்கு வரையறை கூறுவோர், தழிஞ்சியையும் உடன்வைத்து ஓதுதல் வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கற்பிப்பின், புறத்திணையிற் பாதியையே கற்பித்தவராவோம்.