ராலிக்குப் போகும் கார், மளிகைக்குப் போகும் புல்லட்

புல்லட்டின் சேஸிஸ் எண் ஹேண்டில்பார் பொருந்தியிருக்கும் கழுத்தில் இருக்கிறது. 1970இல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் அடித்த எண். அதன்மேல் அப்பா காலத்தில் இரண்டு முறை, என் காலத்தில் இரண்டு முறை பெயிண்ட் ஏறிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெய்த் துணியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து அந்த எண்ணை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு வெள்ளைத் தாளை ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் விழும். இந்த முறை விழுந்த கடைசி எண் மூன்றா எட்டா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் வழக்கு நடந்தது. பக்கத்தில் நின்ற புரோக்கர் கேட்டார்: "எதுக்கு சார் இந்தப் பாடு? அம்பது வருஷம் தாண்டிடுச்சே, வின்டேஜ்ல போட்டுடுங்களேன்."

நியாயமான யோசனைதான். வீட்டுக்கு வந்து விதியைப் படித்தேன், கணக்கும் போட்டேன். வண்டியை வின்டேஜில் போடவில்லை.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம்தான் இந்தியாவில் வின்டேஜ் வண்டிகளுக்கு முதன்முறையாகத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதுவரை 1938 மாடல் ஆஸ்டினும் 2005 மாடல் ஆல்டோவும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரி 'பழைய வண்டி'. இப்போது, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவத்தில் இருந்தால், வின்டேஜ் என்று பதியலாம். படிவம் 20இல் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், கட்டணம், பழைய ஆர்.சி.; வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்க ஆவணம். 60 நாளுக்குள் சான்றிதழ் வர வேண்டும். சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு.

இதில் பாராட்ட வேண்டியது நம்பர் பிளேட் விஷயம். புதிதாகப் பதியும் வண்டிக்கு மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண் உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டியோ தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இது சின்ன சலுகை என்று எழுதிய அதிகாரிகள் நினைத்திருக்கலாம். 'எம்.எஸ்.' என்று தொடங்கும் எண் மெட்ராஸ் ஸ்டேட் காலத்தது, 'டி' என்று தொடங்குவது மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த பிறகானது என்பதெல்லாம் வண்டியைக் கண்டதும் பிளேட்டிலிருந்தே படிக்கிற சரித்திரம். ராமாவரம் தோட்டத்து அம்பாசடரின் எண்ணை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்த எழுத்துகளைப் பிடுங்காமல் விட்டதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனி கட்டணம். வின்டேஜாகப் புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பின்னர் மறுபதிவுக்கு 5,000. ராஜா காலத்து ரோல்ஸ் ராய்ஸுக்கும் அதே 20,000, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டருக்கும் அதே 20,000. சாதாரண வழியில் போனால் என்ன ஆகும்? 2025 ஆகஸ்டில் உயர்த்திய கட்டணப்படி, 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2,000, காருக்கு 10,000, இறக்குமதியான காருக்கு 80,000. புதுப்பித்தல் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஆகவே பத்தாண்டுக் கணக்கில் இறக்குமதிக் கார்க்காரர் 1,60,000 கட்ட வேண்டிய இடத்தில் வின்டேஜ் என்றால் 20,000 கட்டுகிறார். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவருக்கு முதல் பத்தாண்டில் இரண்டும் ஒன்றுதான். என் புல்லட்டுக்கோ 4,000 ரூபாயில் முடிவது 20,000 ஆகிறது. விதியை எழுதியவர் மனத்தில் எந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்று இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

காசைக்கூட விட்டுவிடலாம். இன்னொரு நிபந்தனை இருக்கிறது: வின்டேஜ் வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போய்வருதல், இவ்வளவுதான் அனுமதி. நான் புல்லட்டில் மளிகைக்குப் போகிறவன். சனிக்கிழமை காலை பருப்பு வாங்கப் போவது எந்த ஆய்வில் சேரும்?

இதில் வேடிக்கைக்கு அப்பால் ஒரு நஷ்டம் இருக்கிறது. பழைய வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மூன்று மாதம் நிறுத்தினால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். பிரேக் வீல் சிலிண்டரில் ரப்பர் இறுகும். டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகும். ஓடுகிற வண்டியில் கோளாறு சத்தமாக வந்து சொல்லிவிடும். நிற்கிற வண்டியில் சொல்லாமல் வளரும்.

வணிகத் தடையும் அப்படித்தான். சென்னையில் ஜானவாசம் என்றால் ஓபன் கார். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பின்சீட்டில், சுற்றிக் குழந்தைகள், முன்னால் நாதஸ்வரம், காஸ் லைட். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நகரும் அந்தப் பெரிய அமெரிக்கக் கார்களைக் காப்பாற்றியது வாடகைப் பணம்தான். பீரியட் படம் எடுக்கும் சினிமாக்காரர்கள் தரும் வாடகையும் அதே வகை. அந்தப் பணத்தில்தான் டிங்கரிங் செய்பவரும், லேத்தில் புஷ் கடைந்து தருபவரும் தொழிலில் நீடித்தார்கள். வின்டேஜ் என்று பதிந்துகொண்டால் அந்த வருமானம் சட்டவிரோதம். பிறகு வண்டியைக் கட்டிக் காக்க, வேறு வழியில் பணம் உள்ளவராக இருக்க வேண்டும்.

தடைக்கு ஒரு நியாயம் சொல்லலாம், சொல்கிறார்கள். கட்டுப்பாடு இல்லையென்றால் புகை கக்கும் பழைய வண்டியெல்லாம் வின்டேஜ் பட்டம் கட்டிக்கொண்டு தினமும் தெருவில் இறங்கும் என்பது அந்தக் கவலை. பொருட்படுத்த வேண்டிய கவலைதான். ஆனால் அதற்கு மருந்து பரிசோதனையில் அல்லவா இருக்க வேண்டும்?

ஜெர்மனியில் 1997 முதல் பழைய வண்டிக்கு 'எச்' பிளேட் தருகிறார்கள். 30 ஆண்டு போதும். முதலில் ஒரு நிபுணர் வண்டியைப் பார்த்து, மூலத்துக்கு நெருக்கமாகவும் நல்ல நிலையிலும் இருக்கிறது என்று எழுதித்தர வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மற்றக் கார்களைப் போலவே, பாதுகாப்புப் பரிசோதனை. தேறினால் தினமும் ஆபீஸுக்கே ஓட்டிப் போகலாம். வரி காருக்கு ஆண்டுக்கு 191.73 யூரோ, அவ்வளவுதான். பிரிட்டன் நேர் எதிர்த் திசையில் போனது: 2018 மே முதல் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் இல்லாத கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையே வேண்டாம், வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைப்பது உரிமையாளர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. துருப்பிடித்த பிரேக் பைப்புக்கு உரிமையாளரின் பாசம் தெரியாது. நம் விதி இரண்டிலும் சேராது. பத்தாண்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, ஓட்டாதே என்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், ராலியன்று, வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே அந்த வண்டி பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிட்டது.

'மூல வடிவம்' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. பிரிட்டனில் 30 ஆண்டுக்கு முன்பே செய்த மாற்றம் தடையாகாது. ஜெர்மனியிலும் வண்டி புதிதாக இருந்த காலத்தில் செய்த மாற்றங்களை ஏற்கிறார்கள். நம் விதியில் அப்படிக் கால வரம்பு எதுவும் இல்லை. இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில் உதிரிபாகம் கிடைக்காமல், வெளிநாட்டுக் காருக்குள் அம்பாசடர் எஞ்சினை இறக்கி ஓட்டிய தேசம் இது. அந்த ஒட்டு வேலைக்கே இப்போது நாற்பது, ஐம்பது வயது. அதை அழிவு என்று பார்ப்பதா, இந்த ஊர் மோட்டார் வரலாற்றின் ஒரு பக்கம் என்று பார்ப்பதா? என் கட்சி இரண்டாவது.

ஐம்பது ஆண்டு வரம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800க்கு 2033 வரை இந்தக் கதவு திறக்காது. அதுவரை அது வெறும் பழைய வண்டி. கட்டணத்தைக் கூட்டி உடைப்புக் கிடங்குக்கு அனுப்பப் பார்க்கும் வரிசையில் நிற்கிறது. பதினைந்து வயதில் விரட்டிவிட்டு ஐம்பதில் மாலை போடுவது, நடுவில் முப்பத்தைந்து ஆண்டு எப்படியோ தப்பித்து வா என்று சொல்வதுதான்.

சாதாரண வழி மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. புகைச் சோதனையில் வயதுக்கு மதிப்பு இருக்கிறது: 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை போகலாம், பிந்தையதற்கு வரம்பு அதைவிடக் குறைவு. இயந்திரப் பரிசோதனையில் அப்படி ஒரு நிதானம் கிடையாது. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையானவர். ஏறி உட்கார்ந்து வலது காலால் பிரேக்கை அழுத்தினார். கியர் விழுந்தது. அந்தக் கால புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவரிடம் இருந்த செக் லிஸ்டிலும் அது இல்லை.

கோபப்படாமல் சிரித்துவிட்டார். "ஸ்டார்ட் பண்றதாவது சொல்லிக்குடுங்க சார்" என்றார். ஹெட்லைட் மேல் இருந்த ஆம்பியர் மீட்டரைக் காட்டினேன். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதித்து, முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, இடது கைப் பக்கம் இருக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மிதித்து, விட்டுவிட்டு, ஒரே உதை. முதல் உதையில் வரவில்லை. இரண்டாவதில் வந்தது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த எண்ணை எட்டு என்றே எழுதிக்கொண்டார். அதுதான் சரி.