நூற்றுக்கு நூறும் வாசிக்க முடியாத பக்கமும்

இணையவழியில் வலைப்பக்க வடிவமைப்புப் பாடம் ஒன்றைப் படித்தேன். இறுதிப் பணியாக எங்க ஊர்க் குளத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் செய்து அனுப்பினேன். சில விநாடிகளில் எல்லாக் கட்டங்களிலும் பச்சைக் குறி. நூத்துக்கு நூறு. மனுஷர் யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஒன்றை முதலில் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பச்சைக் குறி எனக்கு ஒரு விடுதலையாகவே பட்டது. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் எப்படிப் போடப்படுகின்றன என்று நம் கல்லூரிகளில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'எந்த ஊருப்பா, அப்பா என்ன பண்றாரு' என்ற விசாரிப்பிலேயே பாதி மதிப்பெண் தீர்மானமாகிவிடும். எந்திரத்துக்கு நம் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. ஆகவே குரு-சிஷ்ய உறவு போச்சே என்கிற புலம்பலாக இதை வாசிக்க வேண்டாம்.

ஆனால் எந்திரம் எதைத் திருத்துகிறது? 2014 இல் தொடங்கப்பட்ட, கட்டணமில்லாத ஃப்ரீகோட்கேம்ப்பை எடுத்துக்கொள்வோம். அதன் 2022 பாடத்திட்டத்தில் வலைப்பக்க வடிவமைப்புச் சான்றிதழுக்கு ஐந்து பணிகள். ஒன்று, யாரேனும் ஒருவரைப் போற்றும் பக்கம். குறிப்பிட்ட அடையாளப் பெயருடன் தலைப்பு இருக்கிறதா, படம் இருக்கிறதா, இணைப்பு புதிய சாளரத்தில் திறக்கிறதா என்பன போன்றவை சோதனைகள். நிபந்தனைகள் வெளிப்படையானவை, எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். சும்மா சொல்லக்கூடாது, நம் தேர்வுமுறைகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் யாரைப் போற்றினோம், என்ன எழுதினோம் என்பவை சோதனைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கோர்செரா போன்றவற்றில் 2012 முதலே மாணவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையும் இருக்கிறது. அங்கே மனிதக் கண் உண்டுதான். ஆனால் அந்தக் கண்ணும் கையில் கொடுக்கப்பட்ட பட்டியல் வழியாகவே பார்க்கிறது.

தேர்வு என்பது கண்காணிப்பையும் இயல்பாக்கும் தீர்ப்பையும் இணைக்கும் உத்தி என்று 1975 இல் ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் விவரித்தார். அதில் தேர்வு எழுதுபவர் முழுதாக வெளிச்சத்தில் நிற்க, அதிகாரம் மறைந்துகொள்கிறது. வடிவமைப்புத் தேர்வில் மூன்றாவதாக ஒருவரும் மறைந்துபோகிறார் என்பதே நான் சேர்க்க விரும்புவது. அந்தப் பக்கம் யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவர்.

அப்படி ஒருவர் என் நண்பர், பார்வையற்றவர். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் என் பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்னண்ணே, வெள்ளைக்காரன் தமிழைக் கடிச்சுத் துப்புறான்?"

காரணம் எளிது. பக்கத்தின் மொழி எது என்று முதல் வரியிலேயே அறிவிக்க வேண்டும். பாடத்தில் கொடுத்த மாதிரியில் 'ஆங்கிலம்' என்று இருந்ததை நான் அப்படியே விட்டுவிட்டேன். திரைவாசிப்பான் அந்த அறிவிப்பை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டது. மொழி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று சோதனை கேட்டது, ஆம். செல்லுபடியாகும் மொழிதானா, ஆம். எழுதியிருப்பது அந்த மொழிதானா என்று அது கேட்கவில்லை. ஆங்கிலத்தை இயல்பு எனக் கொண்ட சொல்லாடலுக்குள் அந்தக் கேள்வி எழவே வழியில்லை. படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்பது இன்னொரு விதி. 'படம் 1' என்று எழுதியிருந்தேன். அதற்கும் பச்சைக் குறி.

"குளத்துல தண்ணி இருக்கா இல்லியான்னே தெரியலயேண்ணே" என்றார் நண்பர்.

வெப்எய்ம் அமைப்பு 2019 இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, 97.8 சதவீதத்தில் அணுகல் பிழைகள் இருந்தன. 2025 இல் அது 94.8 சதவீதம். இவை எந்திரத்தால் பிடிக்கக்கூடிய பிழைகள் மட்டுமே. என்னுடையதைப் போன்ற பிழைகள் இந்தக் கணக்கிலேயே வராது.

எந்திரத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்பதை அது பார்க்கட்டும். சென்று சேர்ந்ததா என்பதைச் சொல்லவேண்டியவர் வாசகர். என் நண்பரைப் போன்றவர்கள், கருணைக்காக அல்ல, ஊதியம் பெறும் தேர்வாளர்களாக அந்த நாற்காலியில் அமர வேண்டும். மாணவருக்கு நியாயமாக இருக்கும் தேர்வு வாசகருக்கும் நியாயமாக இருக்க அதுவே வழி.

அன்றிரவே மொழியைத் தமிழ் என்று மாற்றினேன். 'வற்றிய குளம், நடுவில் சீமைக்கருவேல மரங்கள்' என்று மாற்று உரை எழுதி மறுபடி அனுப்பினேன். மதிப்பெண் கூடவில்லை. ஏற்கெனவே நூறுதானே.